தராசு உண்டு, எடைக்கல் உண்டா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர் ஒருவரின் கருத்து

பெரிய மார்க்கெட்டில் என் தாயார் காய்கறி விற்கிறார். அவருடைய தராசுக்கும் எடைக்கற்களுக்கும் அரசாங்க முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லாத கல்லை வைத்து நிறுத்தால் அபராதம். இன்று பலர் மின்னணுத் தராசுக்கு மாறிவிட்டார்கள். அதற்கும் முத்திரை உண்டு. இதனால்தான் ஒரு கிலோ கத்தரிக்காய் புதுச்சேரியிலும் ஒரு கிலோ, காரைக்காலிலும் ஒரு கிலோ, மாகேயிலும் ஏனாமிலும் ஒரு கிலோவே.

நீதி தேவதையின் கையிலும் ஒரு தராசு இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தில் அத்தேவதைக்குப் புதிய சிலை வைத்தார்கள். கண்கட்டு அவிழ்க்கப்பட்டது. வாளுக்குப் பதிலாக அரசியலமைப்பு நூல் கையில் ஏறியது. தராசு மட்டும் இருந்தபடியே இருக்கிறது. அந்தத் தராசில் வைத்து நிறுக்க முத்திரையிட்ட எடைக்கல் இருக்கிறதா என்பதே என் கேள்வி. குற்றம் நிரூபிக்கப்பட்டதா இல்லையா என்பதைப் பற்றி நான் பேசவில்லை. நிரூபிக்கப்பட்ட பிறகு, எத்தனை நாள், எத்தனை மாதம், எத்தனை ஆண்டு என்று எதை வைத்து அளக்கிறோம்? அதைப் பற்றியே பேச வருகிறேன்.

ஒரு தந்தையின் கேள்வி

இக்கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் தெருவில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவன்தான். அதனால் ரேஷன் கடை விண்ணப்பம் முதல் வங்கிக் கடிதம் வரை எல்லாம் என்னிடம் வரும். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு தீர்ப்பு நகலைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். பத்தொன்பது வயதான அவர் மகன் ஒரு செல்பேசியைத் திருடி அகப்பட்டவன். அதற்கு முன் எந்த வழக்கும் இல்லாதவன். ஆறு மாதச் சிறை. சில மாதங்களுக்கு முன்னால் அடுத்த தெருப் பையன் ஒருவனும் செல்பேசி திருடி, வேறொரு நடுவர் முன் நின்று, நன்னடத்தைப் பிணை எழுதிக் கொடுத்துவிட்டு அன்றே வீடு திரும்பியிருந்தான்.

“தம்பி, நீ படிச்ச புள்ள. ரெண்டு பேரும் ஒரே தப்பத்தான செஞ்சானுங்க? எம் மவனுக்கு மட்டும் ஏம்பா ஆறு மாசம்? அதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு” என்றார்.

படித்தேன். ஆங்கிலத்தில் ஏழு பக்கம். சாட்சி யார் சொன்னது, பறிமுதல் எப்படி நடந்தது, அதை ஏன் நம்ப வேண்டும் என்று ஆறே முக்கால் பக்கத்துக்குத் தெளிவாக எழுதியிருந்தது. தண்டனையைப் பற்றி மூன்று வரி. குற்றத்தின் தன்மையைக் கருதியும், வழக்கின் சூழ்நிலையைக் கருதியும், நன்னடத்தைச் சட்டத்தின் பயன் அளிக்கத் தக்க வழக்கு இது அன்று என்பதாலும் ஆறு மாதம். ‘என்ன தன்மை, என்ன சூழ்நிலை, ஏன் தகாது’ என்பவற்றுக்கு அதில் விடை இல்லை. பெரியவருக்கு நான் என்ன சொல்வேன்? “எழுதலீங்க ஐயா” என்றேன். நான் சரியாகப் படிக்கவில்லை என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

நடுவரைக் குறைகூற நான் எழுதவில்லை. காலையில் பத்து வழக்கு, மாலையில் பத்து வழக்கு பார்ப்பவர் அவர். அவர் தவறாகத் தண்டித்தார் என்றும் சொல்ல மாட்டேன். பிணையில் விட்டதுதான் தவறோ, யார் கண்டது? இரண்டில் எது சரி என்று சொல்ல நம்மிடம் அளவுகோல் இல்லை. குறை அதுதான்.

சட்டம் சொல்வது எவ்வளவு?

திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றது 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம். 2024 சூலை முதல் நாள் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் திருட்டுக்கு அதே மூன்றாண்டு எல்லையைத்தான் வைத்திருக்கிறது. கூடவே ஒரு நல்ல மாற்றம்: முதன்முறை குற்றவாளி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருள், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்றால் சமூக சேவையே தண்டனை. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால்? ஒரு ரூபாய் அபராதத்துக்கும் மூன்றாண்டுச் சிறைக்கும் நடுவே எங்கே நிற்பது என்பது முழுக்க நடுவரின் மனத்தைப் பொறுத்தது.

ஒரே வழக்கை மூன்று நீதிமன்றங்கள் மூன்று விதமாக நிறுத்ததும் உண்டு. பஞ்சாபில் 2007-ல் நடந்த ஒரு கார் விபத்தில் இருவர் இறந்தனர். கவனக்குறைவால் மரணம் விளைவித்த அக்குற்றத்துக்கு அப்போது மேல் எல்லை இரண்டாண்டு. விசாரணை நீதிமன்றம் ஓராண்டுச் சிறை என்றது. உயர் நீதிமன்றம், ஏற்கெனவே சிறையிலிருந்த 24 நாட்களே போதும் என்றது. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஆறு மாதம் என்று தீர்த்தது. சாட்சியம் மாறவில்லை, இறந்தவர்களின் எண்ணிக்கை மாறவில்லை, அளவு மட்டும் மாறிக்கொண்டே போயிற்று. புதிய சட்டத்தில் இக்குற்றத்துக்கு மேல் எல்லை ஐந்தாண்டாக உயர்ந்துள்ளது. களம் அகன்றதே தவிர, அதற்குள் எங்கே நிற்பது என்று காட்டும் கோடு எதுவும் போடப்படவில்லை.

இதை உச்ச நீதிமன்றமே உணர்ந்திருக்கிறது. நமது நாட்டின் குற்றவியல் நீதி நிருவாகத்தில் தண்டனை விதிப்பதே மிக நலிந்த பகுதி என்னும் பொருள்பட 2012 டிசம்பரில் கேரள வழக்கொன்றில் அது சொன்னது. வழிகாட்டி நெறிகள் வேண்டும் என்று 2003-ல் மலிமத் குழு பரிந்துரைத்தது; பின்னர் பேராசிரியர் மாதவ மேனன் தலைமையிலான குழுவும் அதையே சொன்னது. 2024 மே மாதம் பீகார் வழக்கொன்றில், தண்டனை என்பது நீதிபதியைப் பொறுத்து மாறும் பொருளாக இருக்கலாகாது என்று கூறிய உச்ச நீதிமன்றம், முழுமையான தண்டனைக் கொள்கை ஒன்றைப் பற்றி ஆராயும்படி மத்திய அரசைக் கேட்டது. அந்த அமர்வில் இருந்த இருவரில் ஒருவர் தமிழகத்தைச் சேர்ந்த நீதியரசர் எம்.எம். சுந்தரேஷ் என்பது நமக்குப் பெருமை.

புதுச்சேரி கண்ட மூன்று காலங்கள்

இந்தச் சிக்கலின் வரலாற்றைப் படிக்க நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. நம் ஊரே ஒரு பாடப்புத்தகம்.

முதற்காலம், ஆள்பவன் நினைத்ததே அளவாக இருந்த காலம். 1716-ல் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளை, ஆளுநர் எபேரின் பகைக்கு ஆளானார். நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் தந்தைக்கு இவர் மைத்துனர் முறை. கடைத்தெருவில் மக்கள் பார்க்க ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, அதற்கு மேல் பெருந்தொகை அபராதம். அடுத்த ஆண்டே சிறையில் இறந்துபோனார். பின்னாளில் அத்தீர்ப்பு நீக்கப்பட்டு அவர் பெயர் மீட்கப்பட்டது. உயிர் மீளவில்லை.

இத்தகைய தன்னிச்சையான தண்டனைகளைப் பிரான்சு நாட்டிலும் மக்கள் வெறுத்தனர். புரட்சி வந்தது. 1791-ல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டம் மறுகோடிக்குப் போயிற்று. இந்தக் குற்றத்துக்கு இத்தனை ஆண்டு என்று எண்ணைச் சட்டமே எழுதிவிட்டது. கூட்டவோ குறைக்கவோ நீதிபதிக்கு உரிமை இல்லை. இது இரண்டாம் காலம். கேட்பதற்கு அழகாக இருக்கிறது அல்லவா? ஆனால் நடந்தது என்ன? தண்டனை மிகக் கடுமை என்று கண்ட இடத்தில் ஜூரிகள் குற்றவாளியையே நிரபராதி என்று விடத் தொடங்கினர். பசிக்குத் திருடியவனுக்கும் கொழுப்புக்குத் திருடியவனுக்கும் ஒரே எண் என்றால் மனச்சாட்சி எப்படி ஒப்பும்?

ஆகவே 1810-ல் நெப்போலியனின் சட்டம் பல குற்றங்களுக்குக் கீழ் எல்லை, மேல் எல்லை என இரண்டை வைத்தது. 1832-ல் தணிக்கும் சூழ்நிலைகளைக் கருதித் தண்டனையைக் குறைக்கும் வழி எல்லாக் குற்றங்களுக்கும் திறந்தது. இது மூன்றாம் காலம். பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819-ல் புதுச்சேரியிலும் அறிவிக்கப்பட்டன. 1954-ல் ஆட்சி மாறி, 1962-ல் சட்டப்படி இணைந்து, 1963 அக்டோபர் முதல் நாள் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் பெரும்பாலான குற்றங்களுக்கு மேல் எல்லையை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை நீதிபதியிடம் விட்டது.

முழு உரிமை தந்தால் தன்னிச்சை. உரிமையே இல்லாவிட்டால் கொடுமை. இந்த இரு கரைகளுக்கும் நடுவே வழி கண்டுபிடிப்பதுதான் இந்த நூற்றாண்டின் வேலை. நம் வள்ளுவர் வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரத்தின் முதற்குறளிலேயே இவ்வழியைச் சுட்டியிருக்கிறார். தக்கபடி ஆராய வேண்டும். மீண்டும் நிகழாதபடி இருக்க வேண்டும். குற்றத்துக்கு ஒத்த அளவாக இருக்க வேண்டும் என்பன அவர் வைத்த மூன்று நிபந்தனைகள். இம்மூன்றையும் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள் என்பதே இன்றைய கோரிக்கை.

ஆய்வுக்கூடம் கற்பித்தது

வேதியியல் செய்முறை வகுப்பில் தரம் பார்த்தல் செய்கிறோம். ஒரு முறை பார்த்த அளவை ஆசிரியர் ஏற்பதில்லை. இரண்டு அளவுகளாவது ஒத்து வர வேண்டும். பியூரெட்டைப் படிப்பவர் மாறினாலும் விடை பெரிதாக மாறக்கூடாது. மாறினால், கரைசலில் பிழை இல்லை, முறையில் பிழை என்பார்.

அமெரிக்காவில் நீதிபதிகளிடமே இப்படி ஒரு சோதனை நடந்தது. 1974-ல் வெளியான அந்த ஆய்வில் ஒரே வழக்குக் குறிப்புகளை 50 நீதிபதிகளிடம் கொடுத்து, நீங்களாக இருந்தால் என்ன தண்டனை தருவீர்கள் என்று கேட்டார்கள். மிரட்டிப் பணம் பறித்த வழக்கொன்றில் ஒருவர் மூன்றாண்டு என்றார். இன்னொருவர் இருபதாண்டும் 65,000 டாலர் அபராதமும் என்றார். காகிதம் ஒன்றே, படித்த கண்தான் வேறு.

அந்நாடு விழித்துக்கொண்டு 1984-ல் சட்டம் இயற்றி, 1987-ல் ஒரு பெரும் அட்டவணையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குற்றத்தின் கடுமைக்கு 43 வரிசை. பழைய குற்றங்களுக்கு 6 பத்தி. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் இத்தனை மாதம் என்று எழுதியிருக்கும். நீதிபதி பெரும்பாலும் அதற்குக் கட்டுப்பட்டவர். ஒழுங்கு வந்தது. நீதி வந்ததா?

இங்கேதான் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் பாடம் நினைவுக்கு வருகிறது. வெர்னியர் அளவியில் சுழிப்பிழை இருந்தால் வகுப்பில் இருபது பேரும் ஒரே அளவைக் காட்டுவார்கள். இருபதும் தவறாக இருக்கும். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தூள் கோகெயின் 500 கிராமுக்கு விதித்த அதே ஐந்தாண்டுக் குறைந்தபட்சச் சிறையை, ‘கிராக்’ என்னும் கட்டிக் கோகெயின் 5 கிராமுக்கே விதித்தார்கள். கிராக் வழக்குகளில் தண்டனை பெற்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அட்டவணை ஒரே சீராகத்தான் இருந்தது. அநீதியும் ஒரே சீராக இருந்தது. 2010-ல்தான் அந்த நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தைப் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். இடையில் 2005-ல், அட்டவணை இனி அறிவுரை மட்டுமே, கட்டளை அன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அறிவித்துவிட்டது.

இப்போது சிலர் கணிப்பொறியிடம் விட்டுவிடலாம் என்கிறார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில், குற்றவாளி மீண்டும் குற்றம் செய்வானா என்று மதிப்பெண் போடும் மென்பொருளை நீதிபதிகள் பார்க்கிறார்கள். மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்டால், அது நிறுவனத்தின் வணிக ரகசியம் என்று விடை வந்தது. அதைப் பயன்படுத்தலாம், ஆனால் எச்சரிக்கையோடு என்று 2016-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரணம் சொல்லாத நடுவரைப் பற்றியே நான் வருந்திக்கொண்டிருக்கிறேன். காரணம் சொல்லவே தெரியாத பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

மறுப்போர் சொல்வது

“எந்த இரு வழக்கும் ஒன்றுபோல் இராது. ஆகவே அளவுகோல் செய்ய முடியாது” என்பது அறிஞர் பலர் வாதம். இதில் உண்மை உண்டு. மரண தண்டனை பற்றிய 1980-ஆம் ஆண்டு பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றமும், குற்றங்களை வகை பிரித்து எண் போட முடியாது என்று கூறியே, அரிதினும் அரிதான வழக்கு என்ற நெறியை வகுத்தது. ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயம் தூக்கு என்றிருந்த பிரிவை 1983-ல் அந்நீதிமன்றம் செல்லாது என்றது. நீதிபதியின் கையைக் கட்டிவிடுவது நீதி ஆகாது என்பதற்கு அது நல்ல சான்று.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விடையை எழுதித் தருவது வேறு. வழிமுறையை எழுதித் தருவது வேறு. எந்த இரு நோயாளியும் ஒன்றுபோல் இரார். அதற்காக மருத்துவர் நாடி பாராமல் மருந்து எழுதுகிறாரா? இங்கிலாந்தில் 2010 முதல் இயங்கும் தண்டனைக் குழு இந்த நடுவழியைத்தான் காட்டுகிறது. விளைந்த தீங்கு எவ்வளவு, குற்றவாளியின் பொறுப்பு எவ்வளவு என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கேற்ற தொடக்கப் புள்ளியும் எல்லையும் உண்டு. பிறகு கடுமையாக்கும் காரணங்களையும் தணிக்கும் காரணங்களையும் எடைபோட்டு நகர வேண்டும். நெறியைப் பின்பற்றுவது நீதிக்கு முரணாகும் என்று கண்டால் நீதிபதி விலகலாம். ஆனால் ஏன் விலகினேன் என்று சொல்ல வேண்டும். நீதிபதியின் கை கட்டப்படவில்லை. கை எங்கே போகிறது என்று நாம் பார்க்க முடிகிறது.

இருபத்தொரு வயதுக்குள்

இன்னொன்றையும் என் வயதுத் தோழர்கள் அறிய வேண்டும். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு நமக்காக எழுதப்பட்டது. ஆயுள் தண்டனைக்குரியதல்லாத குற்றத்தில் அகப்பட்டவன் 21 வயதுக்குக் குறைந்தவனானால், நன்னடத்தையில் விடுவது தகாது என்று நீதிமன்றம் மனநிறைவு அடைந்தாலன்றிச் சிறைக்கு அனுப்பக் கூடாது. அப்படி முடிவு செய்வதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். சிறைக்கு அனுப்பினால் காரணத்தை எழுத வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த விதி இருக்கிறது. நான் படித்த ஏழு பக்கத்தில் அந்த அறிக்கை பற்றி ஒரு சொல் இல்லை. மேல்முறையீட்டுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தபோது ஆறு மாதத்தில் நான்கு மாதம் கழிந்திருந்தது. வெளியே வந்த பையனுக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் இருந்த இடம் போய்விட்டது. இப்போது மூட்டை தூக்குகிறான். அடுத்த தெருப் பையன் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்துவிட்டான். ஒரே குற்றத்தின் இரண்டு எடை இது.

செய்யத்தக்கவை

நம் ஊர் சிறிது. சிறியதாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. இங்கே தொடங்கிப் பார்க்கலாம். நான் மூன்று யோசனைகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு தீர்ப்பிலும் தண்டனைக்கென ஒரு தனிப்பகுதி வேண்டும். தீங்கு எவ்வளவு, திட்டமிட்டதா, முன்குற்றம் உண்டா, வயது என்ன, வாழ்நிலை என்ன, பறிகொடுத்தவருக்கு ஈடு கிடைத்ததா, நன்னடத்தை அலுவலர் சொல்வது என்ன என ஏழு கேள்விக்கு ஏழு விடை. தண்டனை பற்றிக் குற்றவாளியின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டமே சொன்னது. புதிய சட்டமும் சொல்கிறது. கேட்டதை எழுதினால் போதும். அந்தப் பகுதியாவது தமிழில் இருக்கட்டும்; மாகேயில் மலையாளத்திலும் ஏனாமில் தெலுங்கிலும் இருக்கட்டும். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதருக்கு இல்லாத எழுத்தறிவு இன்றைய மக்களுக்கு உண்டு. மேல்நீதிமன்றத் தீர்ப்புகளை அன்றே தமிழில் தந்தவர் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

இரண்டாவது, ஒரு பதிவேடு. நான்கு பகுதி நீதிமன்றங்களிலும் இன்ன குற்றத்துக்கு இன்ன சூழ்நிலையில் இன்ன தண்டனை என்று, பெயர்களை நீக்கிவிட்டு, ஆண்டுதோறும் தொகுக்க வேண்டும். இந்நீதிமன்றங்களெல்லாம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே உட்பட்டவை. அதன் மேற்பார்வையில் இது ஆகாத காரியம் அன்று. தீர்ப்பெழுதும் நடுவர் தம்மைப் போன்ற மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம். பார்த்துவிட்டு மாறுபடலாம். இப்போது அவர் தனியாக இருக்கிறார். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சுழிப்பிழை இருந்தால், அதாவது ஏழைக்கு ஓர் அளவு, இருப்பவனுக்கு ஓர் அளவு என்று இருந்தால், அதுவும் அந்தப் பதிவேட்டில்தான் தெரியவரும். சராசரியும் விலக்கமும் கணக்கிடப் புள்ளியியல் மாணவர் நூறு பேர் இவ்வூரில் இருக்கிறோம்.

மூன்றாவது, 21 வயதுக்குட்பட்டோர் வழக்கில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கை தீர்ப்போடு இணைந்திருக்க வேண்டும். அறிக்கை இல்லாவிட்டால் சிறை இல்லை என்பது சட்டத்தின் கருத்து. அதை நடைமுறையாக்க வேண்டும். அதற்கு அலுவலர்கள் போதுமான எண்ணிக்கையில் வேண்டும். அரசு இதற்குச் செலவிட வேண்டும்.

முடிவாக

நம் பல்கலைக்கழகமும் சட்டக் கல்லூரியும் மத்திய சிறையும் ஒரே காலாப்பட்டில் இருக்கின்றன. ஒரே பேருந்தில் ஒருவன் படிக்கப் போகிறான். அதே பேருந்தில் ஒரு தாய் மகனைப் பார்க்கச் சாப்பாட்டுத் தூக்கோடு போகிறாள். இருவரில் யார் எந்த வாசலில் இறங்குவது என்பது சில நேரங்களில் மூன்று வரியில் முடிவாகிவிடுகிறது.

தண்டனை கூடாது என்று நான் சொல்லவில்லை. செல்பேசியைப் பறிகொடுத்தவரும் நம்மைப் போல் உழைத்துச் சம்பாதித்தவரே. குறைத்துத் தண்டியுங்கள் என்றும் கேட்கவில்லை. நிறுக்கும்போது எந்தக் கல்லை வைத்தீர்கள் என்று காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். சட்டம் படிக்கப் போகும் தோழர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நாளை நம்மில் ஒருவர் அந்த நாற்காலியில் அமரக்கூடும். அன்று தீர்ப்பு நகலோடு ஒரு தந்தை யாரோ ஒரு மாணவனிடம் வந்து நிற்பார். அவன் படித்துச் சொல்வதற்கு அதில் ஏதேனும் எழுதியிருக்க வேண்டும்.